ஜப்பானில் வேலைக்கு வந்தவர்களுக்கு: குழுவுக்கு எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது

ஜப்பானில் ஐ.டி. வேலைக்கு வந்து இறங்கியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். டோக்கியோவின் நிஷி-கசாயில் வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு திறப்பது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் இதில் இல்லை. அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். ஆபீஸுக்குள் நுழைந்த பிறகு நடப்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. "ஜப்பான்காரன் கம்பெனிக்காக உயிரையே கொடுப்பான், நீயும் கொடுக்கணும்" என்பார்கள் சிலர். "அவங்க கிடக்கறாங்க, மணி ஆறானா நீ பாட்டுக்குக் கிளம்பு" என்பார்கள் சிலர். இரண்டு பேச்சையும் நம்பிக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் புரிந்துகொண்டது இது. இங்கே விசுவாசம் முதலாளிக்குப் போவதில்லை, மேனேஜருக்கும் போவதில்லை, பக்கத்து இருக்கைக்காரருக்குப் போகிறது. நீங்கள் செய்யாமல் விட்ட வேலை யார் தலையில் விழும் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். யார் தலையிலும் விழாமல் பார்த்துக்கொள்கிறவர் தினமும் ஆறரைக்குக் கிளம்பினாலும் நல்ல பெயரோடு இருக்கிறார். தாமதத்தை மறைத்து வைத்துவிட்டு இரவு பத்து வரை உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை.

முதலில் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்

ஜப்பானியக் கம்பெனி விசுவாசம் என்று உலகம் பேசுவது ஒரு கொடுக்கல் வாங்கல். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் இங்கே தொழிற்சங்கப் போராட்டங்கள் கடுமையாக நடந்தன. 1953இல் நிசானில் நடந்த வேலைநிறுத்தமும் 1960இல் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் நடந்த போராட்டமும் அந்தக் காலத்தவை. அதிலிருந்து மெல்ல மெல்ல ஓர் உடன்பாடு உருவானது. கல்லூரி முடித்ததும் ஏப்ரல் மாதத்தில் கம்பெனி ஆளை எடுக்கும், ஓய்வு பெறும்வரை வைத்துக்கொள்ளும், வயது கூடக்கூடச் சம்பளத்தை ஏற்றும். பதிலுக்கு அவர் எந்த ஊருக்கு மாற்றினாலும் போவார், எந்த வேலை கொடுத்தாலும் செய்வார், நாளைக்கே வேறு இடம் தேட மாட்டார். 1990களில் பொருளாதாரக் குமிழி உடைந்ததும் கம்பெனிகள் தங்கள் பங்கைச் சுருக்கிக்கொண்டன. 1990இல் ஊழியர்களில் ஐந்தில் ஒருவர்தான் நிரந்தரமில்லாதவர். இப்போது மூவரில் ஒருவருக்கும் மேல்.

ஆகவே விசுவாசத்தை அள்ளிக் கொடுப்பதற்கு முன் நீங்கள் யார் என்று பார்க்க வேண்டும். சேய்ஷாயின் என்றால் நிரந்தர ஊழியர். கெய்யாகு ஷாயின் என்றால் ஒப்பந்தக் காலம் வரை. ஹாகென் என்றால் ஆள் அனுப்பும் நிறுவனத்தின் ஊழியர், வேலை மட்டும் வேறு கம்பெனியில். நம் ஆட்கள் பலர் எஸ்.இ.எஸ். என்கிற வகையில் வருகிறார்கள்: சம்பளம் தருவது ஒரு சின்ன நிறுவனம், உட்கார்ந்திருப்பது வாடிக்கையாளரின் ஆபீஸில். அந்த ஏற்பாட்டில் வாடிக்கையாளர் நேரடியாக உங்களுக்கு வேலை ஏவக்கூடாது, உங்கள் நிறுவனம் மூலமாகத்தான் வர வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல இடங்களில் இது காற்றில் பறக்கிறது. வாடிக்கையாளரின் குழு உங்களை அன்பாக நடத்தும், விருந்துக்கெல்லாம் கூப்பிடும், நீங்களும் அந்தக் குழுவில் ஒருவர் என்றே நினைப்பீர்கள். மார்ச் மாதம் பட்ஜெட் முடிந்ததும் ஒரு மின்னஞ்சலில் கதை முடிந்துவிடும். அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. நீங்கள் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தீர்கள், அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, அவ்வளவுதான்.

குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. ஒரே நிறுவனத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு மொத்தம் ஐந்து வருடத்தைத் தாண்டினால், காலவரம்பு இல்லாத ஒப்பந்தமாக மாற்றச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. 2013 ஏப்ரலிலிருந்து இது சட்டத்தில் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். தானாக வந்து யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள்.

சொல்லிவிடுவதுதான் பாதி வேலை

ஹோரென்சோ என்ற சொல் முதல் வாரமே உங்கள் காதில் விழும். நடந்ததைச் சொல்வது, தெரிய வேண்டியவருக்குத் தகவல் கொடுப்பது, முடிவெடுக்கும் முன் கலந்து பேசுவது, இந்த மூன்றும் சேர்ந்தது அது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். நம் ஆட்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

நம்மூர் ஆபீஸ்களில் பழகியவருக்கு ஒரு சுபாவம் இருக்கும். பிரச்சினை வந்தால் முதலில் சரி செய்துவிட்டு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சரி செய்யாமலே போய்ச் சொன்னால் திறமை இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. இங்கே அது தலைகீழ். வியாழக்கிழமை மாலை ஒரு பிழை கண்ணில் பட்டது என்று வையுங்கள். காரணம் தெரியவில்லை, வெள்ளிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. வியாழன் மாலையே உங்கள் பிரிவுத் தலைவரான கச்சோவிடம் நாலு வரி எழுதிவிட வேண்டும்: இந்த இடத்தில் இப்படி ஒரு பிழை, காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன், திங்கள் வெளியீட்டைப் பாதிக்கலாம், நாளை பதினொரு மணிக்கு மறுபடி சொல்கிறேன். வெள்ளி பதினொரு மணிக்குக் காரணம் கிடைத்திருக்காவிட்டாலும் "இன்னும் கிடைக்கவில்லை" என்று எழுத வேண்டும். கிடைக்கவில்லை என்பதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள். அந்த நாலு வரியை வைத்து கச்சோ தன் மேலாளரிடம் சொல்வார், அவர் வாடிக்கையாளரிடம் சொல்வார், சோதனைக் குழு தன் சனிக்கிழமையை மாற்றிக்கொள்ளும். நீங்கள் வெள்ளி இரவே பிழையைச் சரி செய்துவிட்டு, திங்கள் காலை பெருமையோடு சொன்னால், இத்தனை பேருடைய இரண்டு நாளை நீங்கள் உங்கள் பையில் வைத்துக்கொண்டு இருந்ததாக அர்த்தம். பாராட்டு வராது. "அடுத்த முறை கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்" என்று மெதுவாகச் சொல்வார்கள். இங்கே அது நல்ல கடுமையான வார்த்தை.

இதன் இன்னொரு முகம், நாம் வாய் தவறாமல் சொல்லும் "முடிச்சிடலாம் சார்". நம்மிடையே அது ஒரு நல்லெண்ணம், முடியாவிட்டால் பேசிக்கொள்ளலாம். இங்கே அதை அப்படியே எழுதி அட்டவணையில் ஏற்றிவிடுவார்கள். தலையை ஆட்டும் முன் "இன்று மாலை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள்.

கூட்டங்களும் அப்படியே. கச்சோ "வேறு ஏதாவது கருத்து உண்டா?" என்று கேட்பார். எட்டுப் பேரும் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்த நம் பிள்ளை கையைத் தூக்கி, வடிவமைப்பில் இருக்கும் ஓட்டையை வெள்ளைப் பலகையில் வரைந்தே காட்டுவான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரியாகவே இருக்கும். ஆனால் அந்த வடிவமைப்பைச் செய்தவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், மூன்று வாரமாக ஒவ்வொருவரிடமும் போய்ச் சம்மதம் வாங்கியிருக்கிறார், அன்றைய கூட்டம் முத்திரை குத்துவதற்கு மட்டும். அந்த முன்வேலைக்குத்தான் நெமவாஷி என்று பெயர். உங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் முந்தின நாள் அவர் இருக்கைக்குப் போய், "இந்த இடம் எனக்குப் புரியவில்லை, கொஞ்சம் சொல்லித் தருகிறீர்களா" என்று ஆரம்பியுங்கள். பத்து நிமிடத்தில் ஓட்டையை அவரே பார்த்துவிடுவார். அடுத்த நாள் கூட்டத்தில் திருத்தத்தை அவரே சொல்வார். உங்கள் பெயர் அதில் வராமல் போகலாம். வயிற்றெரிச்சலாக இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் அவர் எந்த வரைவைப் போட்டாலும் முதலில் உங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்.

நேரம்

எத்தனை மணி வரை இருக்க வேண்டும் என்பதுதான் புதியவர்கள் அதிகம் கேட்பது. சட்டத்தைத் தெரிந்துகொண்டால் மனம் லேசாகிவிடும். கூடுதல் நேர வேலை வாங்க வேண்டும் என்றால் நிறுவனம் ஊழியர் தரப்போடு ஓர் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். தொழிலாளர் சட்டத்தின் 36ஆம் பிரிவு என்பதால் சாபுரோகு என்று அழைப்பார்கள். அதன்படியும் மாதம் 45 மணி, வருடம் 360 மணிதான் வழக்கமான எல்லை. அவசர காலத்துக்குத் தனி ஏற்பாடு போட்டாலும் வருடம் 720 மணியைத் தாண்டக்கூடாது. விடுமுறை நாள் வேலையையும் சேர்த்து எந்த மாதத்திலும் 100 மணிக்குள், சில மாதச் சராசரி 80 மணிக்குள் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும் சிறியவற்றுக்கு 2020 ஏப்ரலிலிருந்தும் இது கட்டாயம். அந்த 80, 100 என்ற எண்கள் சும்மா வந்தவை அல்ல. வேலைப்பளுவால் நேர்ந்த சாவு, கரோஷி, என்று இழப்பீட்டுக்கு ஏற்கும்போது அரசு பார்க்கும் அளவுகோலும் கிட்டத்தட்ட அதே எண்கள்தான். உங்கள் மாதக் கணக்கு அந்தப் பக்கம் போகிறது என்றால் அதை விசுவாசம் என்று யாரும் சொல்லக்கூடாது, நீங்களும் சொல்லிக்கொள்ளக்கூடாது.

சம்பளக் கடிதத்தில் "40 மணி நேரக் கூடுதல் வேலை உட்பட" என்று ஒரு வரி இருக்கலாம். அதைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் தனியாகத் தர வேண்டும், குறைந்தது 25 சதவீதம் கூட்டி. மாதம் 60 மணியைத் தாண்டினால் 50 சதவீதம். ஆகவே வருகைப் பதிவில் உண்மையான நேரத்தைப் போடுங்கள். "எல்லோரும் குறைத்துத்தான் போடுகிறார்கள்" என்று உங்களுக்கு முன்பே சேர்ந்த மூத்தவர், ஒரு செம்பாய், காதில் கிசுகிசுத்தால், தலையாட்டிவிட்டு உண்மையையே போடுங்கள்.

இனி நடைமுறை. உங்கள் வேலை முடிந்தால் கிளம்பலாம். கிளம்பும் விதம்தான் முக்கியம். பக்கத்தில் இருப்பவரிடம் "நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை. பெரும்பாலும் இல்லை என்பார். உண்டு என்றால் அன்றைக்கு அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போங்கள். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி "ஒசாகி நி ஷிட்சுரேய் ஷிமாஸ்", அதாவது உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னியுங்கள். நாலைந்து குரல்கள் "ஒட்சுகாரேசாமா" என்று திரும்ப வரும். பையைத் தூக்கிக்கொண்டு ஓசைப்படாமல் நழுவுவதுதான் உறுத்தும்.

காலையில் தாமதமானால் மன்னிப்பு கேட்பதற்கும் ஒரு காகிதம் இருக்கிறது! தோசாய் ரயில் தாமதமானால் ரயில் நிறுவனமே தாமதச் சான்று தரும், இணையத்திலும் எடுக்கலாம். ஆனால் சான்று இருக்கிறதே என்று பேசாமல் போய்ச் சேராதீர்கள். நடைமேடையில் நிற்கும்போதே செய்தி அனுப்புங்கள்.

ஊருக்குப் போக விடுப்பு

ஆறு மாதம் வேலை பார்த்து எண்பது சதவீத நாள் வந்திருந்தால் 10 நாள் சம்பளத்தோடு விடுப்பு. வருடம் ஏற ஏற 20 நாள் வரை கூடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, படிவத்தில் "சொந்த வேலை" என்று எழுதினால் போதும். வேலை ரொம்பவும் பாதிக்கும் என்றால் தேதியை மாற்றச் சொல்லும் உரிமைதான் நிறுவனத்துக்கு உண்டு. விடுப்பே கிடையாது என்று சொல்ல முடியாது. 2019இலிருந்து வருடத்துக்கு ஐந்து நாளாவது ஊழியரை எடுக்க வைக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் மேல் இருக்கிறது. உங்கள் செம்பாய் விடுப்பே எடுக்காமல் இரண்டு வருடத்தில் காலாவதியாக விடுகிறார் என்றால் அது அவர் பழக்கம்.

ஆனால் நமக்கு ஐந்து நாள் போதாதே. தங்கை கல்யாணம் என்றால் மூன்று வாரமாவது வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுப்பவர்கள் இங்கே அபூர்வம் என்பதால் இதைக் கொஞ்சம் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும். நல்லவேளையாக முகூர்த்த மாதங்கள் இங்குள்ள நீண்ட விடுமுறைகளோடு ஒத்துப்போகின்றன. ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோனோடு ஒட்டிக்கொள்ளும். வைகாசி என்றால் மே முதல் வாரப் பொன் வாரத்துக்குக் கொஞ்சம் பின்னால். தை என்றால் புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு. பங்குனியில் முகூர்த்தம் வைக்கிறேன் என்று வீட்டில் சொன்னால் மட்டும் கெஞ்சிக் கூத்தாடி மாற்றச் சொல்லுங்கள். மார்ச் இங்கே நிதியாண்டின் முடிவு.

தேதி உறுதியானதும், மூன்று மாதம் முன்னாலேயே, முதலில் உங்கள் வேலையை யார் சுமக்கப் போகிறாரோ அவரிடம் சொல்லுங்கள். அப்புறம்தான் கச்சோ. படிவம் கடைசி. போவதற்கு இரண்டு வாரம் முன் ஒப்படைப்புக் குறிப்பு ஒன்று எழுதிவிடுங்கள்: எது பாதியில் இருக்கிறது, எது எந்தத் தேதியில் வரும், யாரைக் கேட்க வேண்டும். திரும்பி வரும்போது உங்கள் வேலையைச் சுமந்தவருக்குத் தனியாக ஓர் இனிப்பு, குழுவுக்கு ஒரு பெட்டி. ஊர் இனிப்பு கொண்டு வருகிறேன் என்று நெய் வழியும் மைசூர்பாவைக் கொண்டுவந்து வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். விசைப்பலகையில் கை ஒட்டும். தனித்தனி உறையில் போட்டது எதுவானாலும் சரி, முந்திரி பர்பியோ கடலை மிட்டாயோ. ஆளுக்கு ஒன்று வரும்படி எண்ணி வாங்குங்கள்.

குடி, சாப்பாடு

நோமிகாய் என்கிற ஆபீஸ் குடி விருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பயமுறுத்துகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. வரவேற்பு, வழியனுப்பு, டிசம்பரில் வரும் ஆண்டு முடிவு விருந்தான போனென்காய் ஆகிய மூன்றுக்கும் போய்விடுங்கள். மற்றதற்கு "இன்று வீட்டில் வேலை" போதும். குடிக்காதவர்கள் ஊலாங் தேநீரைத் தூக்கிப் பிடித்து "கம்பாய்" சொன்னால் யாரும் கண்டுகொள்வதில்லை. உங்கள் கோப்பையை நீங்களே நிரப்பாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் கோப்பையைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் கடைக்காரரே கணக்கை முடித்துவிடுவார். இரண்டாவது கடைக்குக் கும்பல் நகரும்போது கழன்றுகொள்ளலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஏற்பாடு செய்பவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். காய்கறி மட்டும்தான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் சாற்றில் மீன் இருக்கும். குளிர்ந்த டோஃபுவின் மேல் தூவியிருக்கும் மெல்லிய சீவல்கூட மீன்தான். அவித்த எடமாமே என்கிற பச்சை சோயாக் காய், உருளைக்கிழங்கு வறுவல், இரண்டையும் நம்பிப் போகலாம்.

யாராவது எல்லை மீறினால், கத்தினால், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினால், "அவர்கள் கலாச்சாரம்" என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதை இங்கே பவாஹரா என்பார்கள். தடுக்கும் பொறுப்பு சட்டப்படி நிறுவனத்துக்கு, பெரியவற்றுக்கு 2020 ஜூனிலிருந்தும் சிறியவற்றுக்கு 2022 ஏப்ரலிலிருந்தும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். நிறுவனத்துக்குள் ஆலோசனை மேசை இருக்கும். அது உதவாவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தின் தொலைபேசி ஆலோசனை ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. கொரியாவுக்குப் போகும் நண்பர்களும் கேட்கிறார்கள்: அங்கேயும் 2019 ஜூலையிலிருந்து இப்படி ஒரு சட்டம் உண்டு, வேலை நேரத்துக்கு வாரம் 52 மணி என்ற எல்லையும் உண்டு. வயது, பதவி வரிசை அங்கே இன்னும் இறுக்கம்.

விலகும்போது

வேலை மாறுவது துரோகம் இல்லை. ஜப்பானிய இளைஞர்களே இப்போது மாறுகிறார்கள். நேரில் சொல்லக் கூசுபவர்களின் சார்பில் ராஜினாமாவைத் தொலைபேசியில் சொல்லிவிடும் நிறுவனங்கள்கூட வந்துவிட்டன. காலவரம்பில்லாத ஒப்பந்தத்தில் இருப்பவர் இரண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும் என்கிறது உரிமையியல் சட்டம். கம்பெனி விதி ஒரு மாதம் என்று இருக்கும், அதையே பின்பற்றுங்கள். போனஸ் ஜூன்-ஜூலையிலும் டிசம்பரிலும் வரும். அந்தத் தேதியில் பணியில் இருப்பவருக்கு மட்டும் என்று பல கம்பெனிகளில் விதி உண்டு. ஜப்பானியர்களும் அதை வாங்கிக்கொண்டுதான் கடிதத்தைக் கொடுக்கிறார்கள், நீங்கள் மட்டும் கூச்சப்பட வேண்டாம்.

விலகிய 14 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள், புது வேலையில் சேர்ந்தாலும் அப்படியே. வருமானச் சான்றான கென்சென் சோஷூஹ்யோவைக் கேட்டு வாங்குங்கள். ஜூமின்சேய் என்ற உள்ளூர் வரியை மறந்துவிடாதீர்கள். அது போன வருட வருமானத்துக்கு இந்த வருடம் ஜூனிலிருந்து கட்டுவது, கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம். ஜனவரி 1 அன்று இங்கே முகவரி இருந்தால் அந்த வருட வரி உங்களுடையது. பிப்ரவரியில் ஊருக்குத் திரும்பினாலும் விடாது.

ஊருக்கே திரும்புகிறவர்கள் நென்கின் என்கிற ஓய்வூதியத் திட்டம் பற்றி அவசரப்பட வேண்டாம். நாட்டை விட்டுப் போன இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் அதிகபட்சம் ஐந்து வருடக் கணக்குக்கு ஒரு தொகை கிடைக்கும். அதில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். போகும் முன் இங்கே ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமித்திருந்தால் அவர் மூலம் அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அந்தத் தொகையை வாங்கினால் இங்கே கட்டிய காலம் முழுவதும் அழிந்துவிடும். இந்தியாவோடு 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, ஊரில் பி.எஃப். கட்டிய வருடங்களையும் சேர்த்து ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து வருடத்தைக் கணக்குக் காட்ட முடியும். ஏழு எட்டு வருடம் கட்டியவர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் நென்கின் அலுவலகத்தில் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.